விசாரணையில் சொன்ன கோட்டைக் கதை

எங்கள் ஊர் ஒரு கோட்டைக்குள் இருந்தது என்று அப்பா சொல்வார். நாங்கள் இருந்ததோ இலங்கையில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒற்றைக் காம்பராவில். ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பிடித்துக்கொண்டால் அடுப்பருகே உட்கார்ந்து அவர் கோட்டைக் கதையைத் தொடங்கிவிடுவார்.

திருச்சிப் பக்கத்தில் எங்கோ, அகழி சூழ்ந்த மண்கோட்டை. ஒரு சிற்றரசர் செம்மண்ணைக் குழைத்து மதில் எழுப்பினார். பிறகு வந்த நாயக்கர் கல்வாசல் வைத்தார். நவாபின் படை உள்ளே தங்கி, ஊர் ஆடுகளையெல்லாம் தின்றுவிட்டுப் போனது. கம்பெனிக்காரன் கிழக்கு மூலையைப் பீரங்கியால் பெயர்த்தான். கடைசியாக வந்த ஜமீன்தார், விழுந்த கற்களை வண்டியில் ஏற்றித் தனக்கு மாளிகை கட்டிக்கொண்டார். யார் வந்தாலும் எங்கள் ஆட்கள் வடக்கு மதிலோரத்திலேயே இருந்தார்களாம். ராஜா மாறியதே சில வேளை தாமதமாகத்தான் தெரியுமாம்.

எனக்கு எட்டு வயதானபோது பிரஜாவுரிமை மனு விசாரணைக்கு வந்தது. நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் என்று எழுதித் தரும்படி அரசாங்கத்திடம் கேட்கும் மனு அது. மனுக்கள் பல தள்ளுபடியாகிக்கொண்டிருந்த காலம். கிளம்பும்போது அப்பா அம்மாவிடம், "இந்தியாவுல ஊரு கீருன்னு வாயத் தெறந்துடாதே" என்றார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

அதிகாரி சிங்களவர். அவர் கேட்டதைக் குமாஸ்தா தமிழில் சொன்னார். அப்பாவிடம் பிறப்புச் சான்று இல்லை. இங்கேதான் பிறந்தேன் என்று அவர் சொல்லச் சொல்ல, அதிகாரி நம்பாமல் தாள்களைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"பாப்பாவுக்கு எந்த ஊரு?" என்றார் குமாஸ்தா.

"கோட்டைங்க."

அந்தச் சொல் அதிகாரிக்கே புரிந்துவிட்டது. "கொழும்பு கோட்டையா?" என்று சிரித்தார்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். "இல்லைங்க, அத விடப் பெருசு" என்று தொடங்கி, திருச்சிப் பக்கத்துச் செம்மண் மதிலிலிருந்து ஜமீன்தாரின் மாளிகை வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குமாஸ்தா மொழிபெயர்த்து முடித்ததும் அதிகாரி சிரிக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அப்பா எப்ப அங்க போயிட்டு வந்தாரு?"

"அப்பா பாத்ததே இல்லைங்க. தாத்தா சொன்னதுதான். அப்பா பொறந்தது எங்க காம்பராவுல. தாத்தாவப் பொதச்சது தேயிலை ஸ்டோருக்கு மேல, சவுக்கு மரத்துக்கிட்ட. அங்க நாங்க பூ வைப்போம்."

அதிகாரி தாள்களைப் புரட்டுவதை நிறுத்தினார். பிறகு தோட்டத்தின் பழைய பிறப்புப் பதிவேட்டை வரவழைக்கும்படி குமாஸ்தாவிடம் சொல்லி எதையோ எழுதினார்.

பஸ்ஸில் அப்பா என்னை விட்டுத் தள்ளி முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். எல்லாம் கெட்டுவிட்டது என்றே அவர் நினைத்திருக்கிறார். பல வாரங்கள் நான் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன்.

பதிவேட்டில் அப்பாவின் பெயர் எழுத்துப்பிழையோடு இருந்ததாம். ஆனால் இருந்தது. மனுவை ஏற்றுக்கொண்ட கடிதம் வந்த அன்று அம்மா சூடம் கொளுத்தப் போய், தீக்குச்சியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்து சிரித்தாள். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "இவ வாய்தான், இவ வாய்தான்" என்று கண்டவரிடமெல்லாம் சொன்னார். அன்று பட்டப்பகலில், செருப்பைக்கூடக் கழற்றாமல், அவர் அயர்ந்து தூங்கினார்.

சாயங்காலம் அடுத்த காம்பரா மாமா வந்தார். அவருடைய மனு அதற்கு முந்திய மாதம்தான் தள்ளுபடியாகியிருந்தது. "அந்தக் கடுதாசியக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டு, கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவருக்கு எழுத்துத் தெரியாது. கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வெகுநேரம் பார்த்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு சந்தோஷமான நாளில் அம்மா ஏன் என் வாயை அப்படி அழுத்திப் பொத்தினாள் என்று எனக்கு விளங்கவில்லை.