சிவப்பு அட்டை

ஒஸ்லோவில் எங்கள் குசினியில், பிரிட்ஜ் கதவில் தினமும் ஓர் அட்டை தொங்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றில் ஒன்று. தேநீருக்குப் பால் எடுக்கப் போகும்போதே மகள் ஆரபியின் மனநிலை எனக்குத் தெரிந்துவிடும். அவளுக்குப் ‘போடர்லைன்’ என்ற ஆளுமைக் கோளாறு. அன்பு வைத்தவர்கள் விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் பொங்கும்போது பேச்சு வராது. அதற்காகத்தான் மருத்துவர் இந்த அட்டைகளைக் கொடுத்தார். சிவப்பு என்றால், ‘ஒன்றும் கேட்காதே, பக்கத்தில் இரு’ என்று அர்த்தம். பெற்ற பிள்ளையை அட்டை பார்த்து அறிய வேண்டியிருக்கிறதே என்று எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இந்த விடுமுறைக்கு எங்கள் ஊரான உடையார்கட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அட்டைகளும் எங்களோடு வந்தன. எல்லாவற்றையும் அக்காவுக்கு விளக்கினேன். “ஓம், விளங்குது” என்றா. ஒருநாள் ஆரபியை அவவோடு விட்டுவிட்டுப் புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போனேன். திரும்பும் பஸ் பிந்திவிட்டது. நான் வந்தபோது அக்கா முற்றத்தில் நின்றா. அறைக்குள் ஆரபி சிவப்பு அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி நிலத்தில் கிடந்தாள்.

“பெரியம்மா என்னை விட்டிட்டுப் போனவா” என்றாள்.

“சிவப்பெண்டா கிட்ட இருக்கவேணும் எண்டு சொன்னனான் எல்லோ அக்கா?”

“சொன்னனி தான். கண்ட உடன கால் பின்னுக்கு வந்திட்டுது. நான் என்ன செய்ய?”

அவவை எப்படிக் கோபிப்பது? போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் எங்கள் காணிகளைச் சுற்றி மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி அகற்றிய இடத்தில் வெள்ளைத் தடி, அகற்றாத இடத்தில் சிவப்புத் தடி. கைக்குழந்தை ஆரபியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அந்த வெள்ளைத் தடிகளுக்கு நடுவேதான் தண்ணீருக்குப் போனேன். விறகுக்குப் போன அத்தான், அக்காவின் கணவர், சிவப்பைத் தாண்டி ஒரு காலை இழந்தார். சிவப்பைக் கண்டால் விலகு என்பதைச் சொல்லிச் சொல்லியே அக்கா தன் பிள்ளைகளைக் காப்பாற்றினா. நான் சந்தைக்குப் போன அன்று ஆரபி அட்டையை நீட்ட நீட்ட, அக்கா பின்வாங்கியிருக்கிறா. ஆரபிக்கு அது இன்னொருவர் கைவிட்ட கணக்கு.

பிறகு அக்கா உள்ளே போய் அவள் தலைமாட்டில் இருந்தா. விடியும்வரை எழும்பவில்லை. ஆனாலும் ஆரபி அவ பக்கம் திரும்பவில்லை.

ஒஸ்லோவுக்கு வந்தபின் நேற்று மறுபடியும் சிவப்பு. உடனே அவளுடைய அறைக்குப் போனேன். வாசலில் ஒரு கால் உள்ளே போய்விட்டது. மற்றக் கால் உடையார்கட்டில் நின்று வெள்ளைத் தடியைத் தேடிக்கொண்டிருந்தது. கட்டிலில் இருந்தபடி ஆரபி அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.