மலையேறும் பைக்குள் கருவாடு

எனக்குக் கருவாடு பிடிக்கும். ஆனால் இறகு அடைத்த குளிர் ஜாக்கெற்றில் கருவாடு நாறுவது பிடிக்காது. நேபாளத்துக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் என் பையைத் திறந்தபோது அந்த மணம்தான் முகத்தில் அடித்தது. சீ என்று மூடிவிட்டேன்.

மானிப்பாயில் இருந்து பனிமலை ஏறப் போகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மலை என்று பெயருக்கு இருப்பது கீரிமலை. அங்கே ஏற ஒன்றும் இல்லை, கேணிக்குள் இறங்கிக் குளிக்கலாம், அவ்வளவுதான். அதனால் முதுகில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தாங்கியின் படிகளில் ஏறி இறங்கிப் பழகினேன். புதுச் சப்பாத்து காலுக்குப் படிய வேண்டுமே என்று கொதிக்கிற வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன். வீட்டுக்கு வந்து கழற்றினால் காலுறையைப் பிழியலாம். அந்த நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டேன். சனங்களின் கண்சிமிட்டலைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் மலை ஏறப் போகிறேன் என்பதை ஊரில் ஒரு குஞ்சும் நம்பவில்லை. மலை வெறும் சாட்டு, நேபாளத்தில் ஏஜென்சிக்காரன் நிற்கிறான், அங்கிருந்து கனடா. இப்படித் தாங்களே முடிவு கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாமா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, எந்த ரூட்டாலை?"

"மலையாலை, மாமா."

"ஓமோம், அப்பிடித்தான் சொல்லோணும்." பல்லை இளித்தார். "மலை எண்டது நல்ல ஐடியா. ஒருத்தனும் சந்தேகப்படமாட்டான்."

வெளிநாடு போக வழி தேடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒருத்தி ஆசைப்பட்டு ஓரிடத்துக்குப் போவாள், பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள் என்று இவர்கள் ஒருவருக்கும் எண்ணத் தோன்றவில்லையே, அதுதான் அருவருப்பாக இருந்தது. அந்த இளிப்பைப் பார்க்கும்போதெல்லாம் என் மேல் யாரோ எச்சிலைத் துப்பிய மாதிரி இருக்கும்.

ஊர் என்னவும் நினைக்கட்டும், அம்மா நம்பினால் காணும் என்று இருந்தேன். அவருக்கு நான் திரும்பி வருவேன் என்பது தெரிய வேண்டும். ஏனென்றால் அண்ணையும் ஒரு மாத வேலை என்று சொல்லித்தான் சிங்கப்பூருக்குப் போனவர். இப்போது கனடாவில் இருக்கிறார். வீடியோவில் வருவார், வீட்டுக்கு வந்ததில்லை. அதனால் அம்மாவுக்கு மலையின் படங்களைக் காட்டினேன், கூட ஏறப் போகிறவர்களின் படங்களையும் காட்டினேன். "வடிவாத்தான் இருக்கு," என்றார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

கருவாடு சாவகச்சேரிப் பெரியம்மாவின் வேலை. காலையில் பஸ் பிடித்து வந்து, நான் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, கனடாவில் இருக்கும் தன் மகனுக்குக் கருவாடும் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலும் என் பைக்குள் அடைத்துவிட்டிருந்தார். பொலித்தீனில் சுற்றியதெல்லாம் எண்ணெய் கசிந்து பிசுபிசுத்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எறிந்தேன். அடியில் கை விட்டால், சப்பாத்தில் பூட்டி உறைபனியில் நடக்கும் இரும்புப் பற்களைக் காணவில்லை. அவை இருந்த இடத்தில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச்சேலை மடித்து வைத்திருந்தது.

"அம்மா! என்ரை இரும்பு எங்கை?"

"குசினிக்கை, அரிசி வாளிக்குப் பின்னாலை," என்றார் அம்மா அமைதியாக. "உந்தப் பாரம் ஏன் மோனை? ஆரும் கேட்டால் காட்டச் சப்பாத்தும் பனி வெட்டுற கோடாலியும் காணுந்தானே."

"உந்தச் சேலை?"

"அங்கை ஒரு கலியாணம் சரிவந்தால் உடுக்க வேண்டாமே? நான் வந்து உடுத்திவிடப் போறனே?"

"உங்களுக்கென்ன விசரே! நான் மலைக்குத்தான் போறன். வருவன்!" என்று கத்தினேன். "ஓம், ஓம், மலைதான்," என்றார் அவர், காய்ச்சல்காரியைத் தேற்றுகிற குரலில். இரும்பைத் தேடி எடுத்துப் பையில் போட்டேன். சேலையை அவருடைய கட்டிலில் எறிந்தேன். ஜாக்கெற்றைக் கொடியில் காயவிட்டும் மணம் போகவில்லை.

எங்கள் வீட்டில் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்க முடியாது. சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் 'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். 'போட்டு வா' என்று அம்மா சொன்ன பிறகுதான் படலையில் கை வைக்கலாம். மறந்தால் பாதி வழியில் இருந்து கூப்பிட்டுச் சொல்ல வைப்பார்.

அடுத்த நாள் ஓட்டோ வந்து நின்றது. மதிலுக்கு மேலே மாமாவின் தலை தெரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"போட்டு வாறன், அம்மா."

அம்மா என் கன்னத்தைத் தடவினார். "போ மோனை," என்றார்.

நான் நகரவில்லை. "வா எண்டு சொல்லுங்கோ."

"நேரமாகுது, போ."

"வா எண்டு சொல்லுங்கோ அம்மா!"

"சத்தம் போடாதை," என்றார், மதில் பக்கம் பார்த்துக்கொண்டு. "உன்ரை அண்ணைக்கும் வா எண்டு சொல்லித்தானே விட்டனான்."