நாள் எண்ணிய தப்பு

கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் அன்று என் சம்சாரம் இருந்தாள். அவள் அண்ணன் இருந்தான். நான் இருந்தேன்.

வாதத்தில் அவளுக்கு ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது. நடக்க ஆறு மாசமாகும் என்றார் டாக்டர். கொடியைக் கவாத்து வெட்டியதும் பழம் எடுக்க நாள் எண்ணுவது எங்கள் வழக்கம். அவளுக்கும் அப்படியே எண்ணினேன்.

களை பிடுங்கியபடி, "அவ நடக்க இன்னும் எழுபது நாள் கெடக்கு" என்றேன்.

"அவ என்ன திராட்சைக் கொடியா மாப்ள? நிமிந்து பாரு" என்றான் மச்சான்.

பிடித்திருந்த பந்தல் கல்தூணை விட்டுவிட்டு, அவள் தனியாக என்னிடம் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"ஒரு வாரமா நடக்கேன். நீங்கதான் நாள் எண்ணிக்கிட்டு இருக்கீக" என்றாள்.

வெட்கமாக இருந்தது. சந்தோசம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வராத நாளை எண்ணி, வந்த நாளைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அன்று முழுசாகப் பார்த்தேன். அவள் வைத்தது பதினோரு அடி.