இரண்டாவது பிரேக்

சாப்பாட்டு மேஜைக்கு அடியில் சித்தி பிரேக் போடுவாள். என் மகள் தண்ணீர் டம்ளரை விளிம்பு வரை தள்ளினால் போதும், சித்தியின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். டம்ளர் விழத்தான் செய்யும். உடனே என்னைப் பார்ப்பாள், தரையை நான்தான் சரியாகப் பராமரிக்கவில்லை என்பதுபோல.

சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் கால் வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்திருக்கிறாள். வலது செருப்பு மட்டும் சீக்கிரம் தேயும். மாணவர்களுக்கு அவள் பிரேக் டீச்சர். என் ஆறு வயது மகளுக்கு வெறும் பிரேக்கு. "சின்னப் பாட்டின்னு கூப்பிடுடி" என்று நான் அதட்டினால் சித்தி குறுக்கே பாய்வாள். "பாட்டி கீட்டின்னா பல்லு உடையும். பிரேக்கே இருக்கட்டும்."

வண்டிக்குள் அவள் வாய் ஓயாது. "கிளட்ச்சை ஏன் கரப்பான்பூச்சி மாதிரி மிதிக்கிற?" "கண்ணாடியைப் பாருன்னா உன் மூஞ்சியைப் பாக்குற. அது எங்கயும் ஓடிப்போயிடாது." திட்டு வாங்கியவர்கள்தான் பிறகு தங்கள் பிள்ளைகளையும் அவளிடமே அனுப்புகிறார்கள்.

அவள் அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இப்போது அவள் மட்டும் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மாலை முழுக்க, அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து சித்தி தரையை மிதித்தபடி இருந்தாள். நான் லிஃப்டுகளின் பிரேக்கைச் சோதிக்கும் பொறியாளர். எது நிறுத்தும், எது நிறுத்தாது என்று தெரியும். காலை எடு என்று அவளிடம் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் வீடு வாங்கத் தீர்மானித்தேன். மகள் தெருவில் விளையாட வேண்டும். கீழே சித்திக்கு ஓர் அறை வேண்டும். சித்தி பிடி கொடுக்கவில்லை. "புருஷன் பொண்டாட்டி புள்ளைன்னு இருக்கிற இடத்துல, நந்தி மாதிரி நான் எதுக்குடி?" என்றாள். ஆனால் வீடு பார்க்கக் கிளம்பும்போது முதலில் செருப்பு மாட்டுபவள் அவள்தான். பயிற்சி வண்டி, கூரையில் 'எல்' பலகை, ஓட்டுவது நான். நான் லைசன்ஸ் வாங்கி மாமாங்கம் ஆகிறது. அவள் கணக்கில் அது சேராது.

பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், மழைத் தண்ணீர் எங்கே வடியும் என்றெல்லாம் நான் படித்துவிட்டுப் போவேன். சித்தி தெரு நடுவில் வந்ததும், "ஆஃப் பண்ணு" என்பாள். வண்டி நிற்கும். "இப்ப பாரு. பழகுற வண்டி நடுத்தெருவுல நின்னா, தெருவோட யோக்கியதை தெரிஞ்சிரும்." இது ஒரு சோதனையே இல்லை என்றேன். "உன் லிஃப்டு எப்பவாவது சிரிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

முதல் தெரு அகலமானது. வெட்டிவிட்ட மரங்கள், கூப்பிடு தூரத்தில் பள்ளி. சாவியைத் திருப்பிய கையை எடுக்கும் முன்பே பின்னால் ஹாரன். ஒருவர் தலையை நீட்டி, "ஓட்டத் தெரியலன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதானே?" என்றார்.

சித்தி கண்ணாடியை இறக்கினாள். "அந்த வீட்டைத் தேடித்தான் சார் வந்தோம். உங்க பக்கத்து வீடு காலியாமே?"

அவர் முகம் போன போக்கில் என் மகள் பின்சீட்டில் உருண்டாள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா போனபிறகு அப்படிச் சிரித்ததில்லை.

இரண்டாவது தெருவில் ஹாரன் இல்லை. ஆளும் இல்லை. ஒரு ஜன்னல் திரை விலகியது, மூடிக்கொண்டது.

"அமைதியா இருக்கு சித்தி."

"போனை சைலண்ட்ல போட்ட மாதிரி இருக்குடி."

"பிரேக்கு, இங்க மனுசங்க இருக்காங்களா?" என்றாள் மகள்.

"இருக்காங்க கண்ணு. பதுங்கி இருக்காங்க."

மூன்றாவது தெரு குறுகலானது, லேசான இறக்கம். விற்பனைக்கு வந்த வீடு அதன் அடியில்: பச்சை கேட், தெருவைப் பார்த்த கீழறை. "ஆஃப் பண்ணு" என்றாள். பின்னால் வந்த வேன்காரர் இறங்கி வந்து, "என்னக்கா, ஸ்டார்ட் ஆகலையா?" என்றார்.

"ஆகும், ஆகும். போடுடி."

சாவியைத் திருப்பினேன். டிக் என்றது. மறுபடி திருப்பினேன். அதுவும் இல்லை. ஓயாமல் அணைத்துப் போட்டதில் பேட்டரி செத்துவிட்டது. சித்தி முதல் நாள் வகுப்புக்கு வந்த மாணவி போல விழித்தாள்.

தெரு திறந்துகொண்டது. பாதிச் சவரத்தோடு ஒருவர், சோப்பு நுரைக் கையோடு ஒரு பெண், பந்தோடு நாலைந்து பிள்ளைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் யோசனை சொன்னார்கள்.

"அம்மா, நீங்க எறங்காதீங்க" என்றாள் நுரைக்கைக்காரி.

"யாருக்கு யாரு அம்மா? உன்னைவிட நாலு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான்."

"அப்ப அக்கா. அக்கான்னா எறங்கித் தள்ளலாமே?"

சித்தி பதில் இல்லாமல் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"எந்த வீட்டுக்கு வந்தீங்க?" என்றார் பாதிச் சவரம். பச்சை கேட்டைக் காட்டினேன். "அதுவா! அப்ப உள்ளயே தள்ளிக் குடிவெச்சிடலாம்."

பிள்ளைகளில் ஒன்று ஓடிப்போய் கேட்டைத் திறந்துபிடித்தது. மற்றவர்கள் பின்னால் கை வைத்தார்கள். வண்டி உருண்டது. மகள் கூவினாள். எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் பெடல் கல்லாக இறுகும், மிதித்தாலும் லேசில் பிடிக்காது. எனக்குத் தெரியும், சித்திக்கும் தெரியும். கேட் நெருங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டேன். "சித்தி, அந்தக் கீழ் ரூமு. வருவியா, மாட்டியா?"

சித்தி முன்னால் பார்த்தாள். பிறகு செருப்புகளைக் கழற்றினாள். ஒவ்வொரு காலாக மேலே தூக்கி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.