ஓராளுக்கு உலை

ராமநாதபுரத்தில் ஆதரவற்ற பெண் பிள்ளைகள் இல்லத்தில் நான் சமையல்காரி. பதினெட்டு வயது முடிந்தால் பிள்ளைகள் வெளியேறிவிட வேண்டும். அப்படிப் போன முனீஸ்வரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். மண்டபத்தில் நண்டு உடைக்கும் கம்பெனியில் வேலை. ஆள் பாதியாகியிருந்தாள்.

"சாப்பிட்டியாடி?"

"சும்மா ஒங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா." கண் மட்டும் சோற்றுக் குண்டானில் இருந்தது.

தட்டு வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். சம்பளத்தில் மாதம் முழுக்கத் தேவையான அரிசி வாங்கியிருக்கிறாள். ஆனால் இல்லத்தில் என்னோடு சேர்ந்து அறுபது பேருக்கு உலை வைத்துப் பழகிய கை.

"கொறச்சலாத்தான்க்கா போட்டேன். வடிச்சுப் பாத்தா ரூமு பூராச் சோறு. புளி கரைச்சேன், அது ஒரு வாளி!"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மிஞ்சியது தினமும் ஊசிப்போனது. பாதி மாதத்தில் அரிசி தீர்ந்து, பிறகு டீயும் பன்னும்தான்.

"பக்கத்து வீட்ல கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா, அம்மா அப்பா எங்கன்னு கேப்பாகக்கா."

அப்போது வார்டன் அம்மா வந்துவிட்டார்.

"வெளிய போனவளுக்கு இங்க சாப்பாட்டுக் கணக்கு கெடையாது. இன்னைக்கு இவ வருவா, நாளைக்குப் பத்துப் பேர் வருவாங்க."

முனீஸ்வரி தட்டிலிருந்து கையை எடுத்தாள். வார்டன் முகம் பார்த்து நான் பேசியதே இல்லை. அந்தக் கையைப் பார்த்ததும் வாய் திறந்துவிட்டது.

"கைய எடுக்காதடி, தின்னு. பத்துப் பேரும் வரட்டும்மா. கட்டிக்குடுத்த புள்ள பொறந்த வீட்டுக்கு வந்தா கணக்கா பாப்பாக? இவளுக்கு வேற வீடு எங்கன இருக்கு?"

"ஒன் வேலைக்கே ஆபத்து, தெரியுமா?"

"அனுப்புறப்ப அனுப்புங்க. இப்ப இவ திம்பா."

ரசம் ஊற்றினேன். பாதி தரையில் சிந்தியது. இருந்தும் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

என்னை அனுப்பவில்லை. மறு வாரம் ஒரு சின்னச் சட்டி வாங்கி வந்தேன். பதினேழு வயதுப் பிள்ளைகள் முறை வைத்து, ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் உலை வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து டம்ளரில் அரிசி அளந்து காட்டுவது முனீஸ்வரிதான். "இவ்வளவுதாண்டி, மேல ஒரு பிடி போட்ட, என் கதிதான்!" கேஸ் வீணாகிறது என்று வார்டன் இன்றும் சொல்கிறார். அடுப்பை நான் அணைப்பதில்லை.

இப்படிப்பட்ட அடுப்படிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தலைக்கணக்கு உள்ளே இருப்பவர்களை மட்டும்தான் எண்ணும். ஞாயிற்றுக்கிழமை உலையில் கூடுதலாகவே அரிசி போடுங்கள். யாருக்கு என்று கேட்டால் தலையைக் குனியாமல் சொல்லுங்கள்: எம் புள்ளைக வாராக.