ஸ்குரூவை விடாத கை

கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டில் குடியேறுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படி வந்த எனக்கு அந்த வீட்டில் கிடைத்த பொறுப்பு, மாமியின் மூச்சு. மீகடத்தி மின்பிறப்பாக்கிகள் சுமை மாறும்போது தளம்பாமல் ஓடுவது எப்படி என்று மூன்று வருடம் ஆய்வு செய்தவனை நம்பி ஒரு பெற்றோல் ஜெனரேட்டரைக் கொடுக்க யாரும் தயங்கவில்லை. தயங்கியிருக்கலாம்.

நோன்பு மாதம், பின்னேர அஸர் தொழுகை நேரம், கரண்ட் போனது. மாமியின் ஒட்சிசன் மெசினை ஜெனரேட்டரில் ஓடவிட்டேன். கையிருப்புச் சிலிண்டர் முந்தின நாளே தீர்ந்திருந்தது. மச்சினி தொழுமுன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யத் தண்ணீர் மோட்டரைப் போட்டாள். ஒளுவுக்குத் தண்ணீர் நிற்கக் கூடாதென்று மோட்டரையும் அதே ஜெனரேட்டரில் கோத்து வைத்த அறிவாளி நான்தான்.

என்ஜின் முக்கியது. ஓடிப்போய் வேக ஸ்குரூவை முறுக்கினேன். அதற்குள் அதன் வேகம் தானே எழும்பியிருந்ததால் எகிறியது. தளர்த்தினேன், படுத்தது. மறுபடி முறுக்கினேன். ஒட்சிசன் மெசின் கத்தியது. நானும் கத்தினேன், மெசினுக்காவது காரணம் இருந்தது. பிறகு ஒட்சிசன் மெசின் நின்றுவிட்டது. ஜன்னலூடாக, கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்த மாமியின் விரல்கள் தெரிந்தன.

மனைவி வந்தாள். "என்ன செய்றீங்க?"

"ஆட்டத்த நிப்பாட்டுறன்."

"நீங்கதான் ஆட்டுறீங்க. கைய எடுங்க." உள்ளே மச்சினியின் பக்கம் திரும்பி, "மோட்டர நிப்பாட்டுகா" என்றாள்.

கையை எடுத்தேன். என்ஜின் இரண்டு தரம் ஏறி இறங்கி, தானாகவே சீரானது. அவள் ஒட்சிசன் மெசினை மீண்டும் போட்டாள்.

கடுங்குளிரில் வைத்த மீகடத்திச் சுருளில் மின்னோட்டத்தைச் சட்டென்று மாற்ற முடியாது. வெளியிலிருந்து செய்யும் திருத்தம் பிந்தித்தான் போய்ச் சேரும்; பிந்திய திருத்தம் ஆட்டத்தைக் கூட்டும். அதனால் அந்தச் சுருளைச் சுமந்து சுழலும் சுழலியைச் சுற்றி ஓர் உலோகக் கவசம் போட்டு, ஆட்டத்தை அது வாங்கிக்கொள்ள விடுவார்கள். இதை ஆய்வேட்டில் ஓர் அதிகாரம் முழுக்க எழுதி, மூன்று தடவை பிழை திருத்தியவனும் நான்தான்.

மாமிக்கு மூச்சு நிதானப்பட வெகுநேரம் எடுத்தது. கட்டிலருகே போய் நின்றேன்.

"மனே, இனிக் கரண்ட் போனா நீ தொழப் பள்ளிக்குப் போயிரு," என்றார்.

"ஓம் மாமி," என்று சிரித்தேன். கை மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது; உடுத்திருந்த சாரத்து மடிப்புக்குள் ஒளித்தேன். அவர் கண்டுவிட்டார். அந்தக் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்து, நடுக்கம் நிற்கும்வரை விடவில்லை.