சுருளியண்ணன் வண்டிக்கு நாற்பத்தெட்டுப் பல்

என் தம்பி பேயாண்டி எந்த வண்டியையும் எடுத்தவுடன் கழற்ற மாட்டான். வண்டிக்காரரிடம், "அண்ணே, அந்த வேப்பமரம் வரைக்கும் ஒருக்கா ஓட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் கைகட்டி நிற்பான். அப்போது அவன் கண் ஓட்டுகிறவரின் கையிலும் காலிலுமே இருக்கும். திரும்பி வந்ததும், "கியரை மாத்தும்போது தோள்பட்டை வலிக்குதாண்ணே?" என்பது மாதிரி எதையாவது கேட்பான். பெரும்பாலும் வலிக்கும்.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை ஒட்டி அவனுடைய பைக் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே என் தையல் கடை. நான் எட்டாவது வரை படித்தேன். அவன் பத்தாவதில் கணக்குப் பாடத்தில் தோற்று நின்றவன். ஆனால் அவன் எண்ணுவதைப் பார்த்தால் யாரும் அதை நம்ப மாட்டார்கள். செயின் மாட்டும் பல்சக்கரம், அதான் ஸ்பிராக்கெட், புதிதாக வாங்கி வந்தால், பெட்டியிலேயே எண் போட்டிருந்தாலும், ஒரு பல்லில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு சுற்றி எண்ணுவான். கழற்றிய பழைய சாமானைத் துணிப்பையில் போட்டு வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவான். அந்தப் பைகளை என் கடை வெட்டுத்துணியில் நான் தைத்துக் கொடுக்கிறேன். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு.

கல்லூரிப் பையன்கள் வண்டி இன்னும் பறக்க வேண்டும் என்று வருவார்கள். அவன் பிரேக்கைச் சரிபார்த்து அனுப்பிவிடுவான். அதனால் அவனுக்கு மாட்டுவண்டி மெக்கானிக் என்று ஒரு பெயர் உண்டு. அவனுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

போன மாசி மாதம் சுருளியண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் முட்டை வியாபாரி. ஐம்பத்திரண்டு வயது. வண்டியின் இரண்டு பக்கமும் மரப்பெட்டி கட்டி, இருபத்துநாலு அட்டை முட்டை ஏற்றிக்கொண்டு, முன்னால் சின்ன ஒலிபெருக்கியில் தன் குரலையே பதிந்து ஓடவிட்டபடி, அழகர்கோவில் பக்கத்து ஊர்களில் தெருத்தெருவாகப் போவார். பதினோரு வருஷமாக இதே வேலை.

அன்றைக்கு அவர் வந்தது ரிப்பேருக்கு இல்லை. வண்டியை விற்றுத் தர முடியுமா என்று கேட்க வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்ததில் அவருடைய இடது மணிக்கட்டு உடைந்து, சற்றுக் கோணலாகக் கூடியிருந்தது. தெருவில் பெண்கள் கூப்பிட்டுவிட்டு வாசலுக்கு வர நேரமாகும் என்பதால் அவர் நடக்கிற வேகத்தில்தான் போக வேண்டும். அந்த வேகத்தில் முதல் கியரிலேயே வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். பாதி கிளட்சைப் பிடித்தபடியே ஓட்டுவார். காலை ஆறு முதல் பதினொன்று வரை அந்த உடைந்த கைதான் பிடிக்கும். இப்படியே பிடித்தால் கை பிறகு எதையும் பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பூரில் இருக்கும் மருமகன் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்திருந்தார். மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

"கேட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமாம் தாயி," என்றார் என்னிடம். "முட்டை இம்புட்டுச் சின்னதா இருக்கேன்னு சண்டை போடக்கூட அங்க ஒரு ஆள் இருக்காது."

பேயாண்டி அவரை வேப்பமரம் வரை ஓட்டச் சொன்னான். அவர் திரும்பி வந்து நின்ற பிறகும் இடது கை விரல்கள் விரியாமல் மடங்கியே இருந்ததை நானும் பார்த்தேன்.

"வண்டியை விக்கிறதை ரெண்டு நாள் தள்ளிப் போடுங்கண்ணே," என்றான் அவன்.

அவர் போனதும், என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். என் தையல் மெஷினைக் காட்டித்தான் சொன்னான். கீழே இருக்கும் பெரிய சக்கரம் மேலே இருக்கும் சின்னச் சக்கரத்தைச் சுற்றுவதால் ஊசி வேகமாக ஓடுகிறது. வண்டியில் இது தலைகீழ். எஞ்சின் பக்கம் சின்ன ஸ்பிராக்கெட், பதினாலு பல். பின்சக்கரத்தில் பெரியது, நாற்பத்திரண்டு பல். பின்னால் இருப்பதை இன்னும் பெரிதாக்கினால், எஞ்சின் அதே அளவு சுற்றினாலும் சக்கரம் மெதுவாக உருளும். மெதுவாக உருண்டாலும் இழுவை கூடும். வெட்டாது, கிளட்சும் பிடிக்க வேண்டியதில்லை. முன்னால் இரண்டு பல்லைக் குறைத்தாலும் ஏறக்குறைய அப்படித்தான், செலவும் குறைவு. ஆனால் அவ்வளவு சின்ன வட்டத்தில் மடங்கி மடங்கிச் செயின் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றான். டவுனில் நாலைந்து கடை ஏறி இறங்கி நாற்பத்தெட்டுப் பல் வாங்கி வந்தான். வண்டி எட்டில் ஒரு பங்கு மெதுவாகும் என்று நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

பல் கூடியதால் பழைய செயின் எட்டவில்லை. நீளமான புதுச் செயின் போட்டான். நான் செய்த தப்பு இந்த இடத்தில்தான்.

எங்கள் பக்கம் வண்டி வேலை முடிந்ததும் வண்டிக்காரர் செயினைச் செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்ப்பார். ஆடினால் மெக்கானிக் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம். பேயாண்டி வைத்திருந்த செயின் நன்றாகவே தொங்கியது. வேலை பார்த்த இடம் தொளதொளவென்று இருந்தால் எனக்குக் கண் உறுத்தும். நூல் தளர்ந்தால் தையல் கெட்டது என்று பழகிய கண். இறுக்கி வை, பார்க்கிறவன் என்ன சொல்வான் என்றேன். சரக்கு ஏறினால் அதுவாக இறுகும் அக்கா என்று சொல்லிப் பார்த்தான். நான் விடவில்லை. அவன் ஸ்பேனரை எடுத்து இறுக்கினான்.

சுருளியண்ணன் வந்து காலால் மிதித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நாலுவழிச் சாலையில் இனி ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது, எஞ்சின் கத்தும், பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும் என்று பேயாண்டி எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லி அனுப்பினான்.

மறுநாள் பத்து மணிக்கு வண்டி லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. முட்டை ஏற்றியதுமே செயின் உறுமியிருக்கிறது. வண்டி முன்னைவிட மோசமாக இழுத்திருக்கிறது. நரசிங்கம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வேகத்தடையில் இறங்கும்போது செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற லாக் தெறித்து, வண்டி சாய்ந்து, மூன்று அட்டை முட்டை தரையில். விழாமல் தாங்கிப் பிடித்ததும் அந்த இடது கைதான். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"இருந்த வண்டியையும் கெடுத்துட்டியே தம்பி," என்றார் சுருளியண்ணன். சத்தம் போடவில்லை. "சாயங்காலம் மருமகனுக்குப் போன் போடப் போறேன்."

பேயாண்டி குனிந்து செயினைக் கையில் எடுத்துப் பார்த்தான். "என் தப்புத்தாண்ணே. சரக்கு ஏத்தாம அளவு வெச்சுட்டேன்," என்றான். என் பக்கம் அவன் திரும்பக்கூட இல்லை.

அவன் என்னைக் கைகாட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்து போனேன்.

"அண்ணே, அவன் சரியாத்தான் வெச்சிருந்தான். இறுக்கச் சொன்னது நான்."

சுருளியண்ணன் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "இது ஜாக்கெட் இல்ல தாயி, பிடிச்சுத் தைக்கிறதுக்கு," என்றார். அப்புறம் அவனிடம், "அக்கா சொன்னாங்கன்னா செய்வியா? நீ மெக்கானிக்கா, அவங்க மெக்கானிக்கா?" என்றார்.

"அவங்ககிட்ட நீங்க பேசிப் பாருங்கண்ணே, தெரியும்," என்றான் பேயாண்டி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேயாண்டி கேட்டுவிட்டான்: சாயங்காலம் போன் போடுவதை நாளைக் காலைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா, முட்டை அட்டைகளை இங்கேயே ஏற்ற முடியுமா என்று. அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு பெட்டிகளைக் காட்டி, "ஏத்து" என்றார்.

பேயாண்டி புது லாக் போட்டுச் செயினை அதே இறுக்கத்தில் மாட்டினான். மிச்சம் இருந்த இருபத்தோரு அட்டையையும் ஏற்றினோம். உடைந்த மூன்றுக்குப் பதிலாக என் கடையில் இருந்த துணிக்கட்டை அதே எடைக்கு நிறுத்துக் கட்டினேன். சுருளியண்ணனை ஏறி உட்காரச் சொல்லி, நான் முன்னால் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். அவர் எடையும் சரக்கும் அமுக்கியதில் பின்பக்கம் தாழ்ந்தது. அதுவரை சற்று இறுக்கமாக மட்டும் இருந்த செயின் வீணைக் கம்பி மாதிரி விறைத்தது. சுருளியண்ணனே குனிந்து விரலால் தட்டிப் பார்த்தார். பேயாண்டி என் இஞ்ச் டேப்பை வாங்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டான். வண்டியை ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்தச் சொல்லி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் ஒரு அங்குலம் ஆடும்படி வைத்தான். ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அவர் இறங்கியதும் செயின் அசிங்கமாகத் தொங்கியது. நான் இஞ்ச் டேப்பை வாங்கிச் சுருட்டிக்கொண்டு என் மெஷினுக்குப் போனேன்.

மறுநாள் விடிந்ததும் நரசிங்கம் தெருவில் நாங்கள் இரண்டு பேரும் வண்டியோடு நடந்தோம். பேயாண்டி பின்னால், காதைச் செயின் பக்கம் வைத்து. நான் பக்கத்தில். முதல் கியரில் வண்டி என் நடைக்குச் சமமாக வந்தது, ஒரு வெட்டு இல்லை. தெரு பாதி போனதும் சுருளியண்ணன் மெல்லக் கிளட்சை விட்டார். விட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்தார். பிறகு தொடைமேல் வைத்துக்கொண்டார். அதன் பிறகு மூன்று தெரு வரை அந்தக் கை பிரேக் பிடித்து நிறுத்தும்போது மட்டுமே கிளட்சுக்குப் போனது.

நாலாவது தெருவில் ஒரு பெண் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "அண்ணே நில்லுங்க, நில்லுங்க" என்று வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள்.

"எதுக்கு இந்த ஓட்டம்? மெதுவா வா தாயி," என்றார் சுருளியண்ணன். "நான் எங்கயும் போகல."

பேயாண்டி அதைக் கேட்டுவிட்டு, கடை திறக்க நேரமாச்சு அக்கா என்று சொல்லித் திரும்பி நடந்தான்.